நாளைக்கு இதை உங்களிடமிருந்து வாங்கப்போவது யார்? – வீடு, மனை: வாசகர் கேள்வி பதில்

பிறப்பு குறைந்து, முதியோர் பெருகி, பிள்ளைகள் வெளிநாட்டில் குடியேறிவிட்ட காலத்தில் வீட்டிலும் மனையிலும் பணம் போடலாமா? உள்ளூரிலா, வெளிநாட்டிலா? இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதையே கேட்கின்றன. இடம் எதுவாக இருந்தாலும் எங்கள் பார்வை ஒன்றுதான். பதினைந்து ஆண்டு கழித்து அதில் குடியிருக்கவோ, அதை வாங்கவோ யார் வருவார் என்று சொல்ல முடிந்தால் வாங்குங்கள். சொல்ல முடியவில்லை என்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தள்ளி நில்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். எனக்கு 64 வயது, மனைவிக்கு 61. மகன் அமெரிக்காவில், மகள் பெங்களூரில். கையில் 60 லட்சம் ரூபாய் இருக்கிறது. "மண் என்றைக்கும் கைவிடாது, ஊரிலேயே மனை வாங்கிப் போடு" என்கிறார் மைத்துனர். மகளோ தாம்பரம் பக்கம் பழைய ஃபிளாட் ஒன்றை வாங்கி வாடகைக்கு விடச் சொல்கிறாள். எது சரி?
– வாசகர், கும்பகோணம்

இதுவரை மனை விலை ஏறியதற்குப் பெரிய காரணம், கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனவர்களின் எண்ணிக்கை பத்தாண்டுக்குப் பத்தாண்டு கூடிக்கொண்டே வந்ததுதான். அந்தக் கணக்கு மாறிவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை, 2020-ம் ஆண்டின் பிறப்பு, இறப்பு மாதிரிப் பதிவுக் கணக்கில் 1.4 தான். மக்கள்தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும். 60 வயதைக் கடந்தவர்கள் 2021-ல் 13.6 சதவீதம், 2031-ல் 18.2 சதவீதம் ஆவார்கள் என்பது மத்திய அரசின் கணிப்பு.

இதனால் நாளைக்கே வீட்டுக்கு ஆள் இல்லாமல் போகாது. ஆறு பேர் ஒரே கூரையில் இருந்த இடத்தில் இன்று மூன்று அடுப்பு எரிகிறது. ஆகவே குடும்பங்களின் எண்ணிக்கை இன்னும் சில காலம் கூடும். ஆனால் வேலை, கல்லூரி, பெரிய மருத்துவமனை இருக்கும் பக்கம் கூடும். மற்ற இடங்களில் பூட்டிய வீடுகள்தான் கூடும். 2011 கணக்கெடுப்பிலேயே இந்திய நகரங்களில் 1.1 கோடி வீடுகள் காலியாகக் கிடந்தன. உங்கள் பிள்ளைகள் இருவரும் ஊர் திரும்பப் போவதில்லை என்றால், அந்த மனையில் வீடு கட்ட வெளியாள் ஒருவர் வந்தாக வேண்டும்.

வருவாரா என்பதை ஒரு வாரத்தில் நீங்களே கண்டுபிடிக்கலாம். மனைக்கு இரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள தொடக்கப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பில் எத்தனை பேர், பத்தாண்டுக்கு முன் எத்தனை பேர் என்று கேளுங்கள். சாயங்காலம் ஏழு மணிக்குத் தெருவில் நடந்து, விளக்கு எரியாத வீடுகளை எண்ணுங்கள். அந்த மனைப்பிரிவு போட்டுப் பத்து ஆண்டு ஆகியிருந்தால் எத்தனை மனைகளில் வீடு எழும்பியிருக்கிறது என்று பாருங்கள். நூற்றுக்கு இருபதுகூடத் தேறாது என்றால், அங்கே மனை முதலீட்டாளருக்கு முதலீட்டாளர் கைமாறிக்கொண்டிருக்கிறது, குடியிருப்பவர் வரவில்லை.

இனி கணக்கு. 30 லட்ச ரூபாய் மனைக்கு முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% சேர்த்து 2.7 லட்சம் ஆகும். அந்த 32.7 லட்சத்தை 7 சதவீத வங்கி வைப்பில் போட்டால் பத்து ஆண்டில் (வரிக்கு முன்) 64 லட்சம் ஆகியிருக்கும். ஆகவே பத்து ஆண்டில் மனை விலை இரட்டிப்புக்கும் மேல் போனால்தான் வைப்பைத் தொட முடியும். நடுவில் வேலி, முள் வெட்டும் கூலி, எல்லைக்கல் தகராறு எல்லாம் உங்கள் செலவு.

ஃபிளாட்டையும் பார்த்துவிடுவோம். 55 லட்சத்துக்குப் பழைய ஃபிளாட், 9 சதவீதப் பத்திரச் செலவோடு சுமார் 60 லட்சம். மாத வாடகை 16,000 என்றால் ஆண்டுக்கு 1.92 லட்சம். ஆள் மாறும்போது ஒரு மாத வாடகை போகும் என்று 16,000, சொத்து வரி 5,000, வெள்ளையடிப்பு, மோட்டார், குழாய் வேலைக்குச் சராசரி 15,000 கழித்தால் மிச்சம் 1.56 லட்சம், அதாவது 2.6 சதவீதம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஆளுக்கு 30 லட்சம் வரை போடலாம். இருவரும் தனித்தனிக் கணக்கு தொடங்கினால் 8.2 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 4.92 லட்சம் வரும். வட்டியைக் காலாண்டுக்கு ஒருமுறை அரசு அறிவிக்கும். ஆனால் நீங்கள் சேரும் நாளின் வட்டி ஐந்து ஆண்டுக்கு மாறாது.

உங்கள் வயதில், உங்கள் நிலையில், எங்கள் பதில் இரண்டும் வேண்டாம் என்பதே. சொத்து வேண்டும் என்று மனம் கேட்டால், நீங்களே பின்னாளில் குடியேறக்கூடிய, மகள் வந்துபோக வசதியான, லிஃப்ட் உள்ள சிறிய ஃபிளாட்டாக வாங்குங்கள். அதற்கும் மொத்தப் பணத்தைப் போடாதீர்கள்.

எதை வாங்கினாலும் 30 ஆண்டு வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரத்திலிருந்து தொடர்ச்சி, விற்பவர் பெயரிலான தனிப்பட்டா, புல வரைபடத்தோடு ஒத்துப்போகும் அளவு ஆகியவற்றைப் பாருங்கள். பதிவு செய்யாத உயிலும் கடன் கொடுத்தவரிடம் வைத்த மூலப் பத்திரமும் வில்லங்கச் சான்றில் தெரியாமலே போகலாம். அதனால் அசல் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள். வெளிநாட்டில் உள்ள வாரிசு கையெழுத்துப் போடாத பாகப்பிரிவினைச் சொத்து இப்போது அதிகமாக விற்பனைக்கு வருகிறது. "அவர் அப்புறம் போட்டுவிடுவார்" என்ற பேச்சை ஏற்காதீர்கள்.

ஜப்பானில் ஐந்து லட்ச ரூபாய்க்குத் தோட்டத்தோடு வீடு கிடைக்கிறது என்று காணொளிகள் பார்க்கிறேன். வெளிநாட்டவரும் வாங்கலாமாம். வாங்கிச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டால் என்ன?
– வாசகர், மதுரை

வாங்கலாம் என்பது உண்மை. வீட்டோடு நிலத்தையும் வெளிநாட்டவர் முழு உரிமையாக வாங்க ஜப்பான் அனுமதிக்கிறது. விலை ஏன் அவ்வளவு குறைவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

2008-ல் சுமார் 12.8 கோடியைத் தொட்ட ஜப்பானின் மக்கள்தொகை அதன்பின் இறங்கிவருகிறது. 2023 வீட்டுக் கணக்கெடுப்பில் காலி வீடுகள் 90 லட்சம். மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். அவற்றில் சுமார் 38.5 லட்சம் வீடுகள் விற்பனைக்கோ வாடகைக்கோகூட வைக்கப்படாமல் சும்மா கிடப்பவை. இளையோர் டோக்கியோவுக்குப் போய்விட்டார்கள். பெற்றோர் இறந்தபின் வீட்டை வைத்துக்கொள்ளும் செலவைத் தாங்காமல் வாரிசுகள் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். நீங்கள் கொடுக்கும் ஐந்து லட்சம் அந்தச் சுமையைக் கைமாற்றிக்கொள்வதற்கு.

அங்கே மரவீட்டின் ஆயுளை வரிக் கணக்கில் 22 ஆண்டு என்றே வைக்கிறார்கள். பழைய வீட்டுக்கு மதிப்பே கிடையாது, நிலத்துக்கு மட்டும்தான். 1981 ஜூனுக்கு முன் அனுமதி பெற்ற கட்டடம் என்றால் பழைய நிலநடுக்க விதிப்படி கட்டியது. மனையின் முகப்பு, நான்கு மீட்டர் அகலச் சாலையை இரண்டு மீட்டராவது தொடவில்லை என்றால் பெரும்பாலும் இடித்துவிட்டுத் திரும்பக் கட்ட அனுமதி கிடைக்காது. மிக மலிவான வீடுகள் பல இந்த ரகம். மரவீட்டை இடிக்க 10 முதல் 20 லட்சம் யென் வரை ஆகும். வீட்டு விலையைவிட அது அதிகமாக இருப்பது சாதாரணம். 80 லட்சம் யென்னுக்குக் குறைந்த வீடுகளுக்குத் தரகர் தன் கூலியாக, வரியோடு சேர்த்து, 3.3 லட்சம் யென் வரை வாங்கலாம் என்று 2024 ஜூலையில் விதி மாறியது. கூரை ஒழுகல், கரையான், குளிரில் வெடித்த தண்ணீர்க் குழாய் ஆகியவை தனி.

ஆண்டுதோறும் நிலையான சொத்து வரி 1.4 சதவீதம். வீடு நிற்கும் சிறிய மனைக்கு இந்த வரியில் ஆறில் ஒரு பங்கு மட்டும் கட்டும் சலுகை உண்டு. பராமரிக்காமல் விட்டு நகராட்சி எச்சரித்தும் கேட்காவிட்டால் சலுகை போய்விடும். இதை 2023 டிசம்பரில் இறுக்கிவிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் வரி அறிவிப்புகளைப் பெற உள்ளூரில் ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்கு வீட்டை வாடகைக்கு விடுவதற்கு, வீட்டுத் தங்கல் சட்டப்படி ஆண்டுக்கு 180 நாள்தான் அனுமதி, அதற்கும் பதிவும் உள்ளூர் மேலாளரும் வேண்டும். வீடு வாங்கினால் விசா கிடைக்காது. தொழில் நடத்துவோருக்கான விசாவுக்கு வேண்டிய மூலதனமும் 2025 அக்டோபரில் 50 லட்சம் யென்னிலிருந்து 3 கோடி யென்னாக உயர்ந்துவிட்டது.

விடுமுறைக்குப் போய் வாழ ஆசைப்பட்டு, செலவை மீளாச் செலவாக எழுதிவிட முடிந்தவர் வாங்கலாம். முதலீடு என்ற பெயரில் வேண்டாம். தமிழ்நாட்டின் சிறு ஊர்களில் மனை வாங்குவோரும் இந்த நிலவரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

துபாயில் 10 லட்சம் திர்ஹாமுக்குக் கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட். 20 சதவீதம் இப்போது, மீதி மூன்று ஆண்டில் தவணை. "வாடகையே தவணையைக் கட்டிவிடும், வரியே இல்லை" என்கிறார் முகவர். நான் திருச்சியில் வசிப்பவன், சம்பளக்காரன்.
– வாசகர், திருச்சி

முதலில் பணம் போகும் வழி. இந்தியாவில் வசிப்பவர் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணமனுப்பும் திட்டத்தில் நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். கணவன் மனைவி இருவர் வரம்பையும் சேர்த்து அனுப்பினால் இருவர் பெயரும் பத்திரத்தில் இருக்க வேண்டும். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரி பிடிக்கும். ஓர் ஆண்டில் 80 லட்சம் அனுப்பினால் 14 லட்சம் தனியாகத் தயாராக இருக்க வேண்டும். வருமான வரியில் ஈடுசெய்யலாம், திருப்பியும் வாங்கலாம். ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். முகவர் சொல்வதைக் கேட்டுக் கடன் அட்டையைத் தேய்த்து முன்பணம் கட்டாதீர்கள். சொத்துப் பணம் வங்கி வழியாக, அதற்குரிய படிவத்தில் காரணம் எழுதித்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் அந்நியச் செலாவணிச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். நீண்ட தவணைத் திட்டம் கடனாகக் கருதப்படும் ஆபத்தும் உண்டு. கையெழுத்துக்கு முன் உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் ஒப்பந்தத்தைக் காட்டி எழுத்தில் பதில் வாங்குங்கள்.

"வரியே இல்லை" என்பது அங்கே உண்மை. நீங்கள் இங்கே வசிப்பவர். உலகில் எங்கிருந்து வரும் வாடகைக்கும் இங்கே வரி உண்டு. ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். பதிவுக் கட்டணம் 4%, தரகு 2%, தரகின் மேல் வரி எல்லாம் சேர்த்து அடக்கம் 10.61 லட்சம் திர்ஹாம். வாடகை 65,000 என்று வையுங்கள். 700 சதுர அடிக்கு அடிக்கு 16 திர்ஹாம் பராமரிப்பு 11,200. மேலாண்மை 5% என்றால் 3,250. ஒரு மாதம் காலி 5,400. மிச்சம் 45,150. நீங்கள் 30 சதவீத வரி வரம்பில் இருந்தால் இந்திய வரி சுமார் 13,000. இங்கே வீட்டு வாடகையில் பராமரிப்புக்கென்று 30 சதவீத நிலையான கழிவு மட்டும்தான். அங்கே கட்டும் பராமரிப்புத் தொகையைத் தனியாகக் கழிக்க முடியாது. கடைசியில் கைக்கு வருவது 3 சதவீதம். அதுவும் சாவி கையில் வந்த பிறகு. கட்டி முடியும் வரை வாடகை ஏது, தவணை கட்ட?

அங்கே குடியிருப்போரில் மிகப் பெரும்பாலோர் வேலை விசாவில் வந்த வெளிநாட்டவர். வேலை போனால் ஆளும் ஊர் திரும்புவார். 2008-09 சரிவில் விலை பாதிக்கும் கீழே போனது. 2014 முதல் 2020 வரை மெல்ல மெல்ல இறங்கியது. பிறகு வேகமாக ஏறியது. ஊரின் மக்கள்தொகையே பொருளாதாரத்தோடு ஏறி இறங்குவதால் வாடகையும் விற்பனை விலையும் ஒரே நேரத்தில் விழும். நடுவில் தவணை நின்றால், கட்டுமானம் 60 சதவீதம் தாண்டாத நிலையில் வீட்டு விலையில் 25 சதவீதம் வரையும், தாண்டியிருந்தால் 40 சதவீதம் வரையும் கட்டுநர் வைத்துக்கொள்ள அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது.

எல்லாம் தெரிந்தும் வாங்குவதென்றால், 2007-ம் ஆண்டின் 8-ம் எண் சட்டப்படி அந்தத் திட்டத்துக்கென்று உள்ள காப்புக் கணக்குக்கே பணம் கட்டுங்கள். கட்டுநரின் பொதுக் கணக்குக்கு வேண்டாம். நிலத் துறையின் 'ஊகூத்' பதிவை (கட்டி முடியாத வீட்டு விற்பனைக்கான பதிவு) உங்கள் பெயரில் வாங்குங்கள். இங்கே வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை ஆண்டுதோறும் நிரப்புங்கள். மறந்தால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம். 20 லட்சத்துக்கு உட்பட்ட வெளிநாட்டுச் சொத்துகளுக்கு 2024 அக்டோபரில் வந்த விலக்கு வீடு, மனைக்குப் பொருந்தாது. விற்ற லாபத்தைக் கொண்டு வீடு வாங்கி வரிச் சலுகை பெறவும் அந்த வீடு இந்தியாவில் இருக்க வேண்டும்.

கனடியப் பிரசை நான். யாழ்ப்பாணத்தில் மாமாவின் காணி நான்கு பரப்பு விலைக்கு வருகிறது. வாங்கி வைக்கலாமா?
– வாசகி, டொராண்டோ

2014-ம் ஆண்டின் 38-ம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரசைகள் இலங்கையில் காணி வாங்க முடியாது. நான்காம் மாடி அல்லது அதற்கு மேலுள்ள தொடர்மாடி வீடு வாங்கலாம், 99 ஆண்டு வரை குத்தகைக்கு எடுக்கலாம். இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவர்களுக்கும், சட்டப்படி முதுசமாக (வாரிசுச் சொத்தாக) பெறும் நெருங்கிய உறவினருக்கும் இந்தத் தடை இல்லை. ஆகவே முதல் வேலை இரட்டைப் பிரசாவுரிமை. உறவினர் பெயரில் எழுதிவைத்து வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். அவர் இறந்தால் காணி அவரது பிள்ளைகளுக்கே போகும்.

யாழ்ப்பாணத் தமிழர்களின் வழமைச் சட்டமான தேசவழமையின் கீழ் கூட்டு உரித்தாளர்களுக்கு முற்கொள்வனவு உரிமை, அதாவது வெளியாருக்கு முன் தாங்கள் வாங்கும் உரிமை, உண்டு. மாமாவின் சகோதரர்களுக்கு நொத்தாரிசு (நோட்டரி) மூலம் அறிவித்தல் கொடுக்காமல் எழுதிய உறுதியை (கிரையப் பத்திரத்தை) பின்னாளில் அவர்கள் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் காணி விற்கக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். காணியில் யாராவது குடியிருந்தால், பத்து ஆண்டு தடையின்றி எதிரிடையாக ஆண்டவர் ஆட்சியுரிமை கோரலாம் என்பதையும் மறக்க வேண்டாம். நில அளவையாளரை வைத்து இப்போது புதிய படம் எடுத்து, காணிப் பதிவகத்தில் முழுத் தேடுதல் நடத்துங்கள்.

லாபம் பற்றிக் கேட்டால்: 1981-ல் ஏழு லட்சத்தைத் தாண்டியிருந்த யாழ் மாவட்டத்தின் சனத்தொகை 2012-ல் 5.8 லட்சம். காணி விலையை ஏற்றுவது பெருமளவு உங்களைப் போன்ற புலம்பெயர்ந்தவர்களின் பணம். உங்கள் பிள்ளைகளின் தலைமுறை அந்த ஆசையோடு வாங்குமா என்று வீட்டில் பேசிப் பாருங்கள். பிறந்த மண்ணில் ஓர் இடம் வேண்டும் என்பதற்காக வாங்குவது முழுக்க நியாயமானது. அப்போது அளவைச் சிறிதாக வையுங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலைப் பெண்களுக்கு வாடகைக்கு விட நான்கு போர்ஷன் கட்டலாமா?
– வாசகர், காஞ்சிபுரம்

இளம் வயதினர் வந்துகொண்டே இருக்கும் இடம் என்பதால் யோசனை நல்லது. ஆனால் வல்லம் வடகாலில் 18,720 பெண் பணியாளர்கள் தங்கும் சிப்காட் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பெரிய ஆலைகளின் பெண் பணியாளர்கள் அந்தப் பக்கம் போவார்கள். ஒப்பந்தத் தொழிலாளர், வடமாநிலக் குடும்பங்கள், சிறு ஆலைகளின் மேற்பார்வையாளர்களை மனதில் வைத்து, தனிக் கழிப்பறையும் தனி மின் மீட்டரும் உள்ள ஓர் அறை வீடுகளாகக் கட்டுங்கள். தண்ணீர் போதுமா என்று மே மாதத்தில் பார்த்துவிட்டு அஸ்திவாரம் போடுங்கள்.

சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருக்கிறேன், இந்தியக் குடியுரிமை. இங்கேயே கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) வாங்கலாமா, புதுக்கோட்டையில் வயல் வாங்கலாமா?
– வாசகர், சிங்கப்பூர்

2023 ஏப்ரல் 27 முதல் வெளிநாட்டவருக்கு அங்கே கூடுதல் முத்திரைத்தீர்வை மட்டும் 60 சதவீதம். 15 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வீட்டுக்கு 9 லட்சம் வரியாகப் போகும். நிரந்தரவாசியானால் முதல் வீட்டுக்கு 5 சதவீதம்தான். அதுவரை வாடகையே மேல்.

வயலை வெளிநாடுவாழ் இந்தியர் விலைக்கு வாங்க முடியாது. தோட்டமும் பண்ணை வீடும் அப்படியே. அப்பாவிடமிருந்து வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்குத்தான் விற்க முடியும். வீடு, வீட்டுமனை வாங்கத் தடை இல்லை. பின்னாளில் விற்கும்போது, 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த சொத்தானால், வாங்குபவர் 12.5 சதவீதமும் மேல்வரியும் பிடிக்க வேண்டும். லாபத்தில் அல்லாமல் முழு விற்பனைத் தொகையிலேயே பிடித்துவிடுவார்கள். விற்பனை ஒப்பந்தம் போட்டவுடனே வருமான வரித் துறையிடம் குறைந்த வரிப்பிடித்தச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். கிரையத்துக்கு இரண்டு மாதம் முன்னதாகவாவது தொடங்குங்கள். பணத்தை என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து (வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வரும் பணத்துக்கு வைக்கும் ரூபாய்க் கணக்கு) ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம்.

நேரில் வர முடியாமல் அண்ணனுக்குப் பொது அதிகாரப் பத்திரம் கொடுப்பதானால், இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். அதில் எந்தச் சொத்து, எந்த வேலை என்று குறிப்பிட்டு எழுதுங்கள். விற்பனைத் தொகை உங்கள் கணக்கில்தான் வர வேண்டும் என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள்.